கண்ணளவு ஜாக்கெட்

திண்டிவனத்துத் தையல் கடையில் அந்தப் பெண் என் தோளைச் சுற்றி டேப்பைப் போட்டபோது வந்த மிஷின் எண்ணெய் வாசனை, நான்குவழிச் சாலைக்காக இடித்துவிட்ட வளவனூர் டெய்லர் கடைக்கு என்னை இழுத்துப் போனது. ஊர்த்தெருப் பெண்களை "உள்ள வாங்கம்மா" என்று கூப்பிட்டு டேப் வைத்து அளவெடுக்கும் அந்த டெய்லர், காலனியிலிருந்து போகும் எங்களைப் படிக்குக் கீழேயே நிறுத்தி, "கண்ணாலயே பாத்துக்கினேன், போ" என்பார்.

அப்படித் தைத்த ஜாக்கெட் தோளிலிருந்து வழிய வழிய, ஒரு கையால் இழுத்துவிட்டுக்கொண்டேதான் அம்மா கொல்லையில் மல்லாட்டைச் செடி பிடுங்கினாள், கல்யாணங்களுக்குப் போனாள். கேட்டால், "எனக்குத்தான் ஒடம்பு எளச்சிப்போச்சிடி" என்பாள்.

நானும் அதை நம்பி, இன்னும் ரெண்டு வாய் சாப்பிடும்மா என்று அவளையே திட்டிக்கொண்டிருந்தேன்.