வானொலி ஊமையான காலைகள்

வாவிக்கரை ஊரான செட்டிபாளையத்தில் விஞ்ஞானம் படிப்பித்த அன்னப்பூரணிக்கு ஊர் அறியாத பழக்கம் ஒன்று இருந்தது. பள்ளிக்குப் புறப்படுமுன், வீட்டுப் பின்வளவில் ஒரு முக்காலியின் மேல் சின்னத் தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் சாய்த்து வைப்பாள். அதில் கண்ணை வைக்கமாட்டாள். வைத்தால் பார்வை போய்விடும். பின்னால் ஒரு வெள்ளைக் காகித மட்டையைப் பிடிப்பாள். தேநீர்க் கோப்பையின் வாயளவு வட்டமாகச் சூரியன் மட்டையில் வந்து விழும். அதிலுள்ள கரும்புள்ளிகளைப் பார்த்தபடி உலை கொதிப்பதையும் மறந்து நிற்பாள். ஆசிரியப் பயிற்சிக்குப் போயிருந்த காலத்தில், பண்டாரவளையில் தேயிலைத் தோட்டத்தை விட்டுப்போன ஒரு வெள்ளைக்காரத் துரையின் பழஞ்சாமான்களுக்குள் அந்தக் குழாயைக் கண்டு வாங்கியிருந்தாள்.

தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு அந்தப் பழக்கம் ஆபத்தாகிவிட்டது. வாவிக்கு அப்பால் படுவான்கரை போராளி இயக்கத்தின் கையில் இருந்தது. இப்பால் எழுவான்கரையில் இராணுவம் முகாம் போட்டிருந்தது. தூரத்தைப் பார்க்கிற கருவி ஒரு வீட்டில் அகப்பட்டால் அந்த வீட்டு ஆட்களை ஏன் என்று கேட்காமலே ஏற்றிப் போவார்கள். அன்னப்பூரணி குழாயை நெல்மூட்டைக்குள் புதைத்து வைத்தாள். ஆனாலும் ரோந்து போய்விட்டது என்று தெரிந்த காலைகளில் அதை வெளியே எடுக்காமல் அவளால் இருக்க முடியவில்லை.

அவள் புருஷன் இளையதம்பி சந்தியில் றேடியோ திருத்தும் கடை வைத்திருந்தான். வாய் நிறையப் பேசுகிற, எவரோடும் பகை இல்லாத மனிதன். மின்சாரம் கிடையாது, பற்றறி கிடைப்பது குதிரைக்கொம்பு. தீர்ந்துபோன பற்றறிகளை வெயிலில் காயவைத்துத் திரும்பப் போட்டு, சிற்றலையில் வருகிற வெளிநாட்டுத் தமிழ்ச் செய்தியைக் கேட்கக் காலையில் அவன் கடையில் சனம் கூடும். எங்கே யார் செத்தார்கள் என்பது அப்படித்தான் தெரியவரும்.

தொண்ணூற்றோராம் ஆண்டு ஜூன் பிறந்தபோது, சூரியனின் கிழக்கு விளிம்பில் ஒரு புள்ளிக்கூட்டம் ஏறி வந்தது. அவ்வளவு பெரியதை அன்னப்பூரணி கண்டதில்லை. அதன் குறுக்கே பல பூமிகளை வரிசையாக அடுக்கலாம். சில நாளில், வாவிக்கு மேலே மங்கிச் சாயும் சூரியனில் தோணிக்காரர்கள் வெறுங்கண்ணாலேயே அதைக் கண்டுவிட்டார்கள்.

"சூரியன்ல ஓட்டை விழுந்திரிக்காம், ரீச்சர்," என்றாள் பக்கத்து வீட்டு இரத்தினம்மா, வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து. "அம்மன்ட சடங்கு இந்த வருசம் ஒழுங்கா நடக்கல்லதானே. என்ன வரப்போகுதோ!"

"அது வெறும் புள்ளி அக்கா. நம்மள ஒண்ணும் செய்யாது," என்றாள் அன்னப்பூரணி.

செவ்வாய்க்கிழமை காலை, செய்தி வாசித்துக்கொண்டிருந்த குரல் பாதிச் சொல்லில் அறுந்தது. இளையதம்பி முள்ளைத் திருகினான். சிற்றலை முழுக்க ஒரு நிலையமும் இல்லை; இரைச்சல்கூட இல்லை. திருத்த வந்திருந்த மற்றப் பெட்டிகளும் அப்படியே. மத்திய அலையில் வந்த கொழும்பு வானொலி மட்டும் எதுவும் நடக்காததுபோலப் பாடிக்கொண்டிருந்தது. பெட்டிகளைப் பழுதாக்கிவிட்டான் என்று சனம் அவனை ஏசிவிட்டுப் போனது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் தானாகவே திரும்பி வந்தது.

பகல் வீட்டுக்கு வந்தவனிடம் அன்னப்பூரணி விளக்கினாள். அந்தப் புள்ளிக்கூட்டத்தில் பெரிய வெடிப்பு நடந்திருக்கும். அதன் கதிர் பூமிக்கு வந்து, சிற்றலையைத் திருப்பி அனுப்புகிற மேல்காற்றைக் குழப்பிவிடும். அந்த நேரம் பகலாக இருக்கிற நாடுகளில் வானொலி அடைத்துப்போகும்.

"திரும்பவும் வருமா, புள்ள?"

"அது நம்மப் பாத்துக்கு இரிக்கிற மட்டும் வரும். எப்ப எண்டு சொல்லேலாது."

கடைசி வார்த்தையை இளையதம்பி காதில் வாங்கவில்லை. வியாழக்கிழமையும் அப்படியே நடந்ததும் அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. "நம்மட வீட்டுக்காரி சொன்னது சொன்னதுதான். இருந்து பாருங்க, ஞாயிற்றுக்கிழமைக்குள்ள இன்னொருக்கா நிக்கும்!" என்று சந்தியில் நின்று சொன்னான்.

ஞாயிறு காலை நின்றது. முகாமில் இருந்த தொலைதூர வயர்லெசும் அதே கணத்தில் ஊமையானது. அந்த நேரம் பார்த்து வீதி ரோந்து ஒன்று கண்ணிவெடியில் மாட்டியிருந்தது. உதவி கேட்டவர்களுக்கு எவருடைய குரலும் கிடைக்கவில்லை. வயர்லெஸ் நிற்கும் என்று சந்தியில் ஒருவன் முன்கூட்டியே சொன்ன கதை மத்தியானத்துக்குள் முகாமுக்குப் போய்விட்டது. பின்னேரம் ட்ரக் வந்தது. கடையிலிருந்த பெட்டிகளையும் இளையதம்பியையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அன்னப்பூரணி அழவில்லை. முகாமுக்குள் போனவர்கள் பலர் திரும்பி வராத காலம் அது. வெயில் இருக்கும்போதே நெல்மூட்டையைச் சரித்துக் குழாயை எடுத்தாள். இரத்தினம்மா ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"உனக்கென்ன விசரா? இதக் கொண்டு போனா உன்னையும் வெச்சிருவானுகள்!"

"இதக் காட்டாம அவரக் கேக்கேலாது அக்கா," என்று கையை விடுவித்துக்கொண்டாள்.

முகாம் முற்றத்தில், சிப்பாய்களின் துவக்குகள் அவளைக் குறிபார்த்திருக்க, மட்டையில் சூரியனை விழுத்திக் காட்டி, வயர்லெஸ் நின்ற காரணத்தைச் சொன்னாள். அதிகாரி இளவயதுக்காரன்; ஆங்கிலம் தெரிந்தவன். குனிந்து புள்ளிகளை வெகுநேரம் பார்த்தான்.

"அடுத்தது எப்போது?"

அன்னப்பூரணி பதிலை எடைபோட்டாள். ஒரு நாளைச் சொல்லி அது தப்பினால் இளையதம்பி பொய்யன். சொல்லிய நாளில் நடந்தால், முன்கூட்டித் தெரிந்தவன் என்ற பழி இன்னும் இறுகும்.

"தெரியாது. நாளைக்கு வரலாம். இனி வராமலும் போகலாம்."

"அப்படியானால் தினமும் காலையில் வந்து எனக்கு முன்னால் பார். வெடிப்பு வந்தால் அவனைத் தருகிறேன்," என்றான் அதிகாரி. வராவிட்டால் என்ன என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

திங்கள் காலை சூரியன் சும்மா இருந்தது. எங்கேயோ உள்ளறையில் ஒருவர் முனகுவது கேட்டது. அது யாருடைய குரல் என்று அவள் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை. திரும்பி நடந்தபோது வீதியில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். முகாமுக்குப் போய்வருகிற ஒருத்திக்கு அக்கரை இயக்கம் என்ன பெயர் வைக்கும் என்பது அவர்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

செவ்வாய் காலை, வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரம், மட்டையிலிருந்த பெரிய புள்ளியின் குறுக்கே மயிரளவு வெள்ளைக் கோடு ஒன்று மின்னியது. சூரியனைவிட வெள்ளை. அவள் மூச்சை அடக்கினாள். கோடு இரண்டாகப் பிரிந்து தடித்தது. "அதோ," என்று விரலால் தொட்டுக் காட்டிய அதே வேளையில் வயர்லெஸ் அறையிலிருந்து ஒருவன் சிங்களத்தில் கத்திக்கொண்டு ஓடி வந்தான். அதிகாரி அவனையும் மட்டையையும் மாறி மாறிப் பார்த்தான். முகத்தில் ஆச்சரியம் இல்லை. பயம்போல ஏதோ இருந்தது.

"இவ்வளவுதானா?"

"வெடிப்பில் ஒரு மேகமும் கிளம்பியிருக்கும். அது வந்துசேர இரண்டொரு நாளாகும்."

"வந்தால் இங்கே என்ன நடக்கும்?"

"இங்கே ஒன்றும் நடக்காது. வடதுருவப் பக்கத்து வானம்தான் சிவக்கும்."

சொன்ன சொல்லை அதிகாரி காப்பாற்றினான். இளையதம்பியை இருவர் தாங்கி வந்து வாசலில் விட்டார்கள். அவன் இடது காதில் இரத்தம் காய்ந்திருந்தது. குழாயை அவர்கள் திருப்பித் தரவில்லை.

அடுத்த நாள் வாவிக்கு அப்பால், மகிழடித்தீவுப் பக்கம், புகை எழுந்தது. அங்கே புகுந்த இராணுவம் ஊராரைக் கொன்று வீடுகளை எரித்ததைப் படுவான்கரைச் சனம் இன்றைக்கும் அழுதுகொண்டுதான் சொல்லும். எழுவான்கரையில் நின்றவர்கள் அன்று புகையை மட்டும் பார்த்தார்கள். இரத்தினம்மா வேலியோரம் வந்து, "நீ ஒண்ணும் செய்யாது எண்டாயே, ரீச்சர்," என்றாள். சூரியனுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று புகைக்கு முன்னால் நின்று எப்படிச் சொல்வது?

அந்த மாத நடுவில் புள்ளிக்கூட்டம் மேற்கு விளிம்பைத் தாண்டி மறைந்தது. சூரியன் சுழல்வதால் இரண்டு கிழமையில் கிழக்கால் திரும்பி வரும். அதை அதிகாரியும் கேட்டு வைத்திருந்தான்.

"அது வாறத்துக்கிடையில நாம இஞ்ச இரிக்கக்கூடா," என்றாள் அன்னப்பூரணி. இளையதம்பி வலது காதைத் திருப்பிக் கேட்டான். "ஓம்" என்று தலையாட்டினான். தாய்க்குச் சுகமில்லை என்று சொல்லிப் பயண அனுமதிப் பாஸ் எடுத்து இருவரும் கொழும்புக்கு பஸ் ஏறினார்கள்.

கொட்டாஞ்சேனையில் ஒரு வாடகை அறை. ஜூலையில் ஒரு காலை வீட்டுக்காரரின் றேடியோ பாட்டின் நடுவில் கரகரத்தது. பழைய பெட்டிதான், அடிக்கடி அப்படிச் செய்யும். இளையதம்பி எழுந்து போய் அதை நிறுத்தினான். பிறகு கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்த்துவிட்டு, வாசலையே பார்த்தபடி உட்கார்ந்தான்.