கிடங்குத் துரை வீட்டுப் பிரசவமும் நடுவில் நின்ற நானும்

இரண்டு பேச்சு தெரிந்தவனுக்கு இரண்டு பக்கமும் மரியாதை கிடைக்கும் என்று நினைக்கிறவர்கள் துபாசி வேலை பார்த்ததில்லை. கிடைப்பது இரண்டு பக்கமும் திட்டு. அதிலும் இந்தப் பக்கத்துத் திட்டை அந்தப் பக்கத்துக்கு நாமே சுமந்துபோய்ச் சேர்க்க வேண்டும். அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் நின்று, "அவங்க அந்த அர்த்தத்துல சொல்லல" என்று ஒருநாளாவது சொல்லியிருப்பவர்களுக்கு என் பிழைப்பு விளங்கும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்துத் துரைகளுக்கு நான் துபாசி. துணி பேரம், உப்புத் தகராறு, படகுத் தகராறு எல்லாம் பேசிப் பேசி நாக்கு தேய்ந்தவன். ஆனாலும் அந்த நாக்கை உலர வைத்தது ஒரு பிரசவம்தான்.

தோள்

துணிக் கிடங்குக்குப் பொறுப்பான யான் துரை எங்கள் ஊர் வாசல் எதிலும் குனியாமல் நுழைய முடியாத ஆள். குனிய மறந்துவிடுவார் என்பதால் நெற்றியில் எப்போதும் ஒரு வீக்கம் இருக்கும். அவர் கோட்டைக்குப்பத்து மீனவர் வீட்டுப் பெண் அஞ்சலையைக் கட்டிக்கொண்டு, கோட்டைக்கு வெளியே ஒரு வீட்டில் குடியிருந்தார். அஞ்சலை நிமிர்ந்து நின்றால் அவருடைய சட்டையின் மூன்றாவது பொத்தானுக்கு வருவாள். ஏழாம் மாதத்திலேயே அவள் வயிற்றைப் பார்த்த சனங்கள் "இன்னிக்கா, நாளைக்கா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அஞ்சலையின் அத்தை எல்லம்மாதான் குப்பத்துக்கு மருத்துவச்சி. வந்தாள், வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு வெளியே வந்து, நகத்தைக் கடித்துக்கொண்டு நின்ற துரையைக் காலிலிருந்து தலைவரை பார்த்தாள். அதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது. பார்வை மறுபடி இறங்கித் தோளில் நின்றது. என்னிடம் சொன்னாள்:

"தலையைப் பத்திக் கவல இல்ல துபாசி, அது எப்படியாச்சும் வந்துடும். இந்தத் தோளை மட்டும் இவரு புள்ளைக்குக் குடுக்காம இருந்திருக்கலாம்."

கஞ்சித் தண்ணீர்

பயந்துபோன துரை, கோட்டை வைத்தியரை அழைத்து வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் அதுவரை அவர் கைக்கு வந்ததெல்லாம் மாலுமிகளின் உடைந்த கால்கள். புடவைக்கு மேலேயே ஒரு நூலைச் சுற்றி வயிற்றை அளந்து, அந்த அளவுக்கு நறுக்கி வைத்துக்கொண்டார். அறைக்குக் குறுக்கே ஒரு படகுப் பாய்த் துணியைக் கட்டி, அதற்கு இந்தப் பக்கம் என்னைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்திருந்தார்கள். வைத்தியர் கேட்ட கேள்விகள் சிலவற்றை நான் தமிழில் என் சொந்த மனைவியிடம்கூடக் கேட்டதில்லை. அந்த இடங்களில் இருமினேன். எத்தனை இருமல் என்று பார்த்து அஞ்சலையே புரிந்துகொண்டு பதில் சொன்னாள்.

பிள்ளை பெரிது, இனி வளரக்கூடாது, ஆகவே தாய்க்குக் கஞ்சித் தண்ணீர் மட்டும் என்பது வைத்தியரின் உத்தரவு. அஞ்சலை தலையாட்டினாள். எட்டு நாள் கழித்து அதே நூலைச் சுற்றினார். முனையும் முனையும் தொடவில்லை. கட்டிலுக்கு அடியில் ஏதோ வாடை வந்தது. குனிந்து பார்த்தார். ஒரு குவியல் நண்டு ஓடு. இது என்னவென்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"நான் துன்னலண்ணே. உள்ள கீறது கேட்டுச்சு, குடுத்தேன்."

வணக்கம்

ஒன்பதாம் மாதம் சண்டை முற்றியது. கோட்டைக்குள் மேசைமேல் மல்லாக்கப் படுக்க வைத்துத்தான் பிரசவம் என்றார் வைத்தியர். குப்பத்துக் குடிசையில், உத்தரத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டுத்தான் என்றாள் எல்லம்மா. தன் பக்கத்துக்குச் சாட்சியாக வைத்தியர் பெட்டியைத் திறந்து, இடுக்கியையும் கொக்கியையும் எடுத்துக் காட்டினார். எல்லம்மா அதைப் பார்த்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு, "கட்டையில போறவனே" என்றாள்.

என்ன சொல்கிறாள் என்று வைத்தியர் கேட்டார். "தங்களுக்கு வணக்கம் சொல்கிறாள்" என்றேன். அவருக்கு மகிழ்ச்சி. முணுமுணுத்து மனப்பாடம் செய்துகொண்டார். நான்கு நாள் கழித்து அவளைத் தெருவில் பார்த்தபோது தொப்பியைக் கழற்றி, இடுப்பை வளைத்து, தெளிவான தமிழில், "கட்டேலே போறவனே" என்றார். நான் ஏரிப் பக்கம் திரும்பிப் பறவைகளைப் பார்க்கத் தொடங்கினேன். எல்லம்மா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எல்லாம் விளங்கிவிட்டது.

"ஒருதபா சொன்னதை நாலு நாளு ஞாபகம் வச்சிக்கீறான். ஆளு மோசமில்ல. அந்த இரும்பை மட்டும் தூக்கிப் போடச் சொல்லு."

கேட்காமல் விட்டது

மறுநாள் யான் துரை எல்லாரையும் வீட்டில் கூட்டினார். எது ஆபத்தில்லாத வழி என்று இரண்டு பேரையும் கேட்டார். தோள் சிக்கினால் இரண்டு உயிரில் ஒன்று போகலாம் என்று வைத்தியர் தாழ்ந்த குரலில் சொன்னார். அதை எல்லம்மாவுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் முகத்தைப் பார்த்தே, "தெரியும்பா. ரெண்டு தபா அப்படி ஆயிருக்கு. ஒண்ணுதான் பொழைச்சுது" என்றாள்.

துரை என் பக்கம் திரும்பி, "நீ என்ன நினைக்கிறாய்?" என்றார். துபாசியை யாரும் கேட்காத கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் பாய்த் துணிக்குப் பின்னாலிருந்து அஞ்சலையின் குரல் வந்தது:

"எல்லார் பேச்சையும் மாத்தி மாத்தி சொன்னியேண்ணே, என்னை யாருன்னா கேட்டீங்களா? இந்த வூட்லயே பெத்துக்கறேன். அத்தை கவுறு கட்டட்டும். வைத்தியரும் கூட இருக்கட்டும், ஆனா பொட்டி மூடியே இருக்கணும். அத்தை சொன்னாத்தான் தொறக்கணும்."

படகு

வலி விடியலில் எடுத்தது. காலைப் படகுகள் கரைக்குத் திரும்பும் நேரத்தில், "தலை வந்துடுச்சு" என்று எல்லம்மாவின் குரல் கேட்டது. பாய்த் துணிக்கு இந்தப் பக்கம் நின்ற துரை என் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்த தலை, ஆமைத் தலை மாதிரி உள்ளே இழுத்துக்கொண்டதாம். இழுக்கப் போகிறேன் என்று வைத்தியர் தன் பேச்சில் கத்தினார்.

"இழுக்காதே! கையை எட்றா! அவளைக் குப்புறத் திருப்பு, கையும் முட்டியும் தரையில ஊணட்டும், நீ தாங்கிப் புடி!" என்றாள் எல்லம்மா.

அத்தனை வருஷமும் எந்த வார்த்தையையும் நான் வந்தபடி சொன்னதில்லை. முன்னால் ஒரு 'தயவுசெய்து', பின்னால் ஒரு 'ஐயா' சேர்க்காமல் என் வாய் திறக்காது. அன்றைக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. கையை எடடா என்பதில் தொடங்கி அவள் சொன்ன அத்தனையையும், அந்த 'டா'வோடு, ஒல்லாந்துப் பேச்சில் கத்தினேன். வைத்தியர் சட்டென்று கையை எடுத்துவிட்டார். அஞ்சலையைத் திருப்பி, அவள் பாரம் முழுவதையும் தன் கைகளில் தாங்கினார். எல்லம்மா கையை உள்ளே விட்டு, பிள்ளையின் பின்பக்கத்துக் கையை முதலில் வெளியே கொண்டுவந்தாள். தோள் நழுவியது. பெண் பிள்ளை. அது முதலில் அழவில்லை. எல்லம்மா முதுகைத் தேய்த்த பிறகு அழுதது. கோட்டைக் காவல்காரன் என்னவென்று பார்க்க ஓடிவந்தான். துரை அப்படியே தரையில் உட்கார்ந்து தேம்பினார். நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

வியர்வையோடு வெளியே வந்த வைத்தியர், அது எப்படி என்று எல்லம்மாவைக் கேட்கச் சொன்னார். அவள் கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"முகத்துவாரத்து மணல்ல படகு சிக்கினா மூக்கைப் புடிச்சா இழுப்பாங்க? பலகை பேந்துடும். சாய்ச்சுத் திருப்பினா தானா வரும்னு சொல்லு அவருக்கு."

மன்னிப்பு

மறுநாள், 'டா' போட்டதற்கு மன்னிப்புக் கேட்க வைத்தியரிடம் போனேன். நெடுநேரம் சுற்றி வளைத்துப் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"இத்தனை வருஷத்தில் நீ ஒழுங்காக மொழிபெயர்த்தது அந்த ஒரு தடவைதான்."

துபாசி உள்ளதை உள்ளபடி சொல்ல யாராவது பிரசவ வேதனையில் இருந்தாக வேண்டும்; மற்ற நாட்களில் ஊர் நிம்மதியாக இருக்கட்டும் என்று நாங்கள் கொஞ்சம் கூட்டிக் குறைத்துத்தான் சொல்வோம்.