நான்கு விரற்கடை குறைந்த லாரி

அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட் செய்யும் கம்பெனி ஒன்றில் முப்பத்தொரு வருஷம் சரக்குப் பரிசோதகராக இருந்தேன். கம்பெனி மூடியபோது எனக்கு அறுபத்திரண்டு வயது. புனேயில் இருக்கும் மகன் ஆறு வாரம் கெடு வைத்தான். அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் திருமுல்லைவாயில் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நாங்கள் அவனோடு போய்விட வேண்டும்.

"அங்கே போய் எதை எண்ணுவீங்க? பால்கனிப் புறாவையா?" என்றாள் மனைவி. அவளுக்கும் போக இஷ்டமில்லை.

வேறு எந்தத் தொழிலுக்கு நான் லாயக்கு என்று யாரைக் கேட்பது? ஆவடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வேலை வழிகாட்டி முகாம் என்று பேனர் பார்த்துப் போனேன். இரண்டே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். முடிவில் ஒரு பெண் வந்து, "சார், உங்க பேரன் எந்த குரூப்?" என்று கேட்டாள். முகாம் பிளஸ் டூ மாணவர்களுக்காம்.

கீழ்வீட்டு மருமகள் ஐடி கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறாள். நான் எழுதிய இரண்டு பக்க பயோடேட்டாவைப் படித்தாள். எந்த வருஷம் எத்தனை உருப்படிகளை ரிஜெக்ட் செய்தேன் என்று வரிசையாக எழுதியிருந்தேன்.

"அங்கிள், இதுல நீங்க தடுத்ததுதான் இருக்கு. நடத்திக் கொடுத்தது எங்க?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள்தான் உருப்படியாக ஒரு வழி சொன்னாள். அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு மேனேஜர் தேடுகிறார்கள். வேலை கொடுப்பவர்களைக் கேட்காமல், அந்த வேலையைச் செய்கிற ஒருவரோடு இரண்டு வாரம் கூட இருந்து பாருங்கள் என்றாள். பாரிவாக்கத்தில் நாற்பத்தெட்டு வீடுகள் கொண்ட குடியிருப்பு ஒன்றின் மேனேஜர் அம்மாவிடம் அவளே பேசியும் வைத்தாள். அந்த அம்மா பாரிவாக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அந்தக் கட்டடம் நிற்கும் இடத்தில் முன்பு அவர்கள் குடும்பம் கத்தரி போட்டிருந்ததாம்.

அவரோடு ஐந்து நாள் ஒழுங்காகப் போயிற்று. ஆறாம் நாள் அவர் வருவதற்கு முன், ஐந்து நாற்பதுக்கே தண்ணீர் லாரி வந்தது. பின்புற ஏணியில் ஏழு படி ஏறி, மூடியைத் திறந்து, அளவுக் கோடு போட்ட மூங்கில் குச்சியை விட்டுப் பார்த்தேன். நான்கு விரற்கடை குறைவு. திருப்பி அனுப்பிவிட்டேன்.

"யோவ் பெருசு, நீ இன்னா தண்ணிக்கு டாக்டரா?" என்று கத்திவிட்டுப் போனான் டிரைவர்.

ஏழரை மணிக்கு மேல்தொட்டி காலி. இன்டர்காமில் இருபத்திமூன்று அழைப்புகள். ஒருவர் தலையில் ஷாம்பு நுரையோடு லிஃப்டில் இறங்கி வந்து என்னை முறைத்தார். மேனேஜர் அம்மா ஓடிவந்து டிரைவருக்குப் போன் போட்டார். "அண்ணாத்தே, கோச்சிக்காத. வண்டிய திருப்பினு வா." லாரி வந்து சேர மணி பத்து பத்து ஆயிற்று.

"அளவு குறைவும்மா. நாலு விரற்கடை," என்றேன்.

"அளவு கரெக்டு சார். யாரு இல்லன்னா? உங்க கம்பெனில திருப்பி அனுப்பினா இன்னா ஆவும்?"

"மூணு நாள்ல வேற லாட் வரும்."

"மூணு நாள் எவன் சார் சோப்பு நுரையோட நிப்பான்? ஊட்ல பச்சைக் கொயந்த கீது, ஆஸ்பத்திரிக்குப் போறவங்க கீறாங்க. உள்ள வாங்கினு அப்புறம் சண்ட போடுங்க. தாராளமா போடுங்க. நானும் வர்றேன்."

எங்கள் கம்பெனியிலும் இதற்கு ஒரு வழி இருந்தது. குறையுள்ள சரக்கு அவசரத்துக்கு வேண்டுமென்றால், குறையைத் தாளில் எழுதி, அனுப்பியவனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஏற்கலாம். டீவியேஷன் என்போம். முப்பத்தொரு வருஷத்தில் நான் அப்படி ஏற்றது நான்கே தடவை. அதைப் பெருமையாக வேறு நினைத்திருந்தேன்.

திரும்பும் பஸ்ஸில், புனேக்கே போய்விடலாம் என்று தோன்றியது. மூன்று ஸ்டாப் வரை தோன்றியது. பிறகு என் மேலேயே கோபம் வந்தது. கெடுவில் இன்னும் பதினாறு நாள் பாக்கி இருந்தது.

மறுநாள் ஐந்து இருபதுக்கே கேட்டில் நின்றேன். இம்முறை மூன்று விரற்கடை குறைவு. லாரியை உள்ளே விட்டேன். தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும்போதே குறைவைத் தாளில் எழுதி டிரைவரிடம் நீட்டினேன்.

"கையெத்து போட்டா இன்னா ஆவும்?"

"அடுத்த லோடுல அதைச் சேர்த்துக் கொண்டு வரணும்."

"நேத்தே இத்த சொல்லிக்கீலாமே நைனா," என்று முனகிக்கொண்டே போட்டான்.

அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தார் மேனேஜர் அம்மா. நான்கு நாள் கழித்து, திருவேற்காட்டில் அறுபத்தெட்டு வீடுகள் உள்ள ஒரு குடியிருப்புக்கு ஆள் வேண்டுமாம் என்று என் எண்ணை அங்கே கொடுத்தார். "போனதும் சம்பளத்த கேக்காதீங்க சார். தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு கேளுங்க," என்றார். நேரில் போய் அதையே கேட்டேன். குடியிருப்போர் சங்கச் செயலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மகனுக்குப் போன் செய்து டிக்கெட் எடுக்க வேண்டாம் என்றேன். இந்த வயசில் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டான். தெரியாது. வேலையில் சேர்ந்து இன்றோடு பதினொரு நாள். ஷேர் ஆட்டோவில் மட்டும் முதுகு வலிக்கிறது.