ஆவிப் பங்கு

இதை எழுதாமலே விட்டிருப்பன். எழுத்தெண்டா எனக்குப் பள்ளிக்கூடக் காலத்திலயே ஆகாது. சோதினையில மழைநாளைப் பற்றிக் கட்டுரை கேட்டாங்கள். "மழை பெய்தது, நனைஞ்சிட்டம்" எண்டு எழுதிப்போட்டு எழும்பி வந்த ஆள் நான். ஆனா என்ர கூட்டாளி ஒருத்தன் இந்தக் கதையைப் போற வாற இடமெல்லாம் தன்ர வசதிக்கு மாத்திச் சொல்லித் திரியிறான். அவன் சொல்லேக்க அவன் கதாநாயகன், நான் போன் பிடிச்ச ஆள். போன் பிடிச்சது உண்மைதான். அதுக்காக அதோட விடேலுமோ?

அவன் நாயாற்றுக் கடற்கரை ஆள். தேப்பனோட கடலுக்குப் போறவன். நான் வட்டக்கச்சி, வயல் ஊர். லாண்ட்மாஸ்டர் உழவு மிஷின் திருத்திற கடையில எண்ணெய்க்குள்ள கிடக்கிறன். ரெண்டு பேரும் இஞ்சின் திருத்திற வகுப்பொண்டில ஒரே வாங்கில இருந்தனாங்கள். அவன் கடலுக்குப் போகவேண்டி வந்து இடையில விட்டவன். நான் நித்திரை வருதெண்டு விட்டனான். கூட்டு மட்டும் விடுபடேல்ல.

அவனுக்கு ஒரு விசர் இருக்கு. அதுக்குப் பேர் ஸ்டீம்பங்க். தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன். உலகத்தில கரண்டும் பெற்றோலும் வராமலே விட்டிருந்தா என்ன நடந்திருக்கும் எண்டு யோசியுங்கோ. எல்லாம் பழைய கரிக்கோச்சி ரயில் மாதிரி கொதிதண்ணி ஆவியில ஓடும். கப்பல் வானத்தில போகும். கைக்குப் பதிலா பித்தளைக் கை பூட்டியிருப்பாங்கள். இப்பிடிக் கதைப் புத்தகம், படம், கேம் எல்லாம் கனக்க இருக்கு. அதுகளைப் பாத்துப் பாத்து, அதில வாற மாதிரியே உடுப்புத் தைச்சுப் போடுற ஆக்களும் இருக்கினம். உயரத் தொப்பி, கோட், நெஞ்சில இஞ்சின் பல்லுச்சில்லு, நெத்தியில பெரிய கண்ணாடி. அந்தக் கண்ணாடியை ஒருத்தரும் கண்ணில போடமாட்டினம். அது நெத்திக்கு மட்டும்தான். ஏனெண்டு கேட்டா அவனுக்குக் கோபம் வரும். அதால நான் காணேக்கெல்லாம் கேப்பன்.

இலங்கையில உள்ள ஸ்டீம்பங்க் ஆக்களுக்கு ஒரு குறூப் இருக்கு, போனில. அதுக்குள்ள எல்லாரும் ஆகாயக் கப்பல் கப்டன்மார். பகல் முழுக்கக் கொழும்பில ஏசிக்குள்ள வேலை, பின்னேரம் வந்து "இண்டைக்கு மேகத்துக்கு மேலால கப்பலை விட்டன்" எண்டு எழுதுவினம். என்ர கூட்டாளி ஒருத்தன்தான் அதுக்குள்ள உண்மையா இஞ்சின் பூட்டின படகு ஓட்டுறவன். சேர்ந்த புதுசில ஒரு கப்டனிட்ட, "உங்கட கப்பல் எத்தினை குதிரைவலு?" எண்டு கேட்டிட்டான். அந்த மனிசன் ஒரு மேகப் படத்தைப் போட்டிட்டுப் போயிட்டார்.

நானும் குறூப்பில இருந்தனான், பகிடி பண்ணுறதுக்கு மட்டும். ஒருநாள் குசினியில புட்டுப்பானை, மேல புட்டு அவிக்கிற கூர் ஓலை நீத்துப்பெட்டியோட, புகைஞ்சுகொண்டு நிண்டுது. படம் எடுத்து, "எங்கட வீட்டு ஸ்டீம் இஞ்சின், அரிசிமாவில ஓடுது" எண்டு போட்டன். எல்லாரும் இதயம் இதயமாக் குத்திச்சினம். அந்தப் படம்தான் வினையாப் போச்சு. என்ர கூட்டாளி அதைப் பாத்துப்போட்டு உடன மெசேஜ் அடிச்சான்.

"மச்சான், தொப்பி கிடைச்சிட்டு!"

"என்ன தொப்பி?"

"நீத்துப்பெட்டி. கவிட்டுத் தலையில வைச்சா கூர்த்தொப்பி. ஓலைக்குள்ளால ஆவியும் வரும்."

"உன்ர கொம்மா உன்னையே அவிச்சுப் போடுவா."

"அவாக்குச் சொன்னாத்தானே!"

அவனுக்கு அவசரம் இருந்தது. குறூப்பில ஒரு சட்டம். வந்து சேர்ற ஆக்கள் முதல்ல வெறும் பயணியள்தான். கப்பல் ஆளாகவேணுமெண்டா, தான் செய்த உடுப்போட சனத்துக்கு நடுவில நடந்து, அந்த வீடியோவைப் போடவேணும். அறைக்குள்ள நிண்டு எடுக்கிற செல்பி செல்லாது. கொழும்பில எல்லாரும் கூடுற நாள் கிட்ட வந்திட்டுது, அதுக்குக் கப்பல் ஆக்களை மட்டும்தான் எடுப்பினம். அவனுக்கு எப்பிடியாவது அங்க போகவேணும். "மச்சான், இஞ்ச நான் ஆரோட இதைக் கதைக்கிறது? மீனோடயோ?" எண்டு ஒருக்காக் கேட்டான். "சரி, உன்னை அனுப்பத்தான் வேணும்" எண்டன், பகிடி விடாமல். எனக்கு அப்பிடி நடக்கிறது குறைவு.

சனத்துக்கு நடுவில எங்க நடக்கிறது? அவன்ர ஊர்க் கத்தோலிக்கக் கோயில் திருவிழாவை ஒட்டி விளையாட்டுப்போட்டி வைக்கிறவை. கயிறிழுவை, தலையணைச் சண்டை, கடைசியில வேஷம் போட்டு நடக்கிற வினோத உடை. அதில இறங்கிறதெண்டு முடிவெடுத்தான்.

சாமானெல்லாம் என்ர தலையில. கடையில கழிச்சு எறிஞ்ச பல்லுச்சில்லுகளையும் வெல்டிங் கண்ணாடியையும் கொண்டுபோனன். வயலுக்கு மருந்தடிக்கிற தாங்கி ஒண்டு புதுசு, மருந்து படாதது, அதுக்குச் செம்பு நிறப் பெயின்ற் அடிச்சுக் கட்டிக்கொண்டு போனன். முதுகில தாங்கி. அதுக்குள்ள சுடுதண்ணி. பக்கத்தில இருக்கிற பிடியை மேலயும் கீழயும் அடிச்சா, குழாய் வழியாத் தண்ணி நீத்துப்பெட்டிக்குள்ள போய்ப் பனிப்புகார் மாதிரி வெளிய வரும். அவன்ர மாமா கலியாணத்துக்குப் போட்ட கோட்டு மேல. போட்டி நாள் அண்டைக்கு, அந்த வெய்யிலில அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு நிண்டவனைப் பாக்க, ஆவி தாங்கியால வரத் தேவையில்லை, அவனாலயே வரும் போல கிடந்தது.

முதல் போன ஆள் பைத்தியக்காரன் வேஷம். அவருக்குப் பின்னால, சீலை கட்டி மீன் விக்கிற மனிசி வேஷத்தில ஒரு மீசைக்காரர். சனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. பிறகு இவன், நான் போனைப் பிடிச்சு வீடியோ எடுக்கிறன். சனம் ஆளையாள் பாத்துது. ஒருத்தருக்கும் உது என்னெண்டு தெரியேல்ல. கண்ணாடியும் கோட்டுக் கொலரும் முகத்தை மறைச்சதால ஆளையும் தெரியேல்ல. அண்டைக்கெண்டு கண்ணாடியைக் கண்ணிலதான் போட்டிருந்தவன்!

ஒலிவாங்கி வைச்சிருந்தவர் கோயில் சபைக்காரர் ஒருத்தர். மைக்கைக் கண்டா விடமாட்டார்.

"தம்பி, இது என்ன வேஷம்?"

"ஸ்டீம்பங்க்."

"என்ன பங்கு?"

இந்த இடத்தில ஒண்டு சொல்லவேணும். கத்தோலிக்க ஆக்களுக்குப் பங்கெண்டா கோயில் பங்கு. ஒரு கோயிலுக்கு உட்பட்ட சனம் எல்லாம் ஒரு பங்கு. ஆரையும் புதுசாக் கண்டா, "நீர் எந்தப் பங்கு?" எண்டுதான் முதல் கேள்வி.

"ஸ்டீம்... பங்க்," எண்டான் திரும்பவும், பிரிச்சு.

"இங்கிலீசில வேண்டாம் தம்பி. சனத்துக்கு விளங்கத் தமிழில சொல்லும்."

பாவி யோசிச்சான். கோட்டுக்குள்ள மூளையும் அவிஞ்சிருக்கும். "ஸ்டீம் எண்டா... ஆவி."

"ஆவிப் பங்கு!" எண்டு அவர் மைக்கில முழங்கினார். "அன்பார்ந்தவர்களே, இவர் பரிசுத்த ஆவிப் பங்கிலயிருந்து வந்திருக்கிறார்! தம்பி, அது எங்க இருக்கு? மன்னார்ப் பக்கமோ?"

எனக்குச் சிரிப்பில போன் ஆடத் தொடங்கீட்டுது. அங்கால மரத்தடியில கதிரையில இருந்த பாதரும் வாயைப் பொத்தினார். ஆனா சபைக்காரர் சிரிக்கேல்ல. போன வருஷம் வழுக்குமரத்தில வெளியாள் ஒருத்தன் ஏறிப் பரிசைக் கொண்டு போய்ப் பெரிய சண்டை. அதோட சட்டம் போட்டிட்டினம்.

"மன்னிக்கவேணும் தம்பி. வெளிப்பங்கு ஆக்களுக்குப் போட்டியில இடமில்லை. நீர் அங்கால போய் நிழலில இரும், சர்பத் தருவினம்."

"ஐயா, நான் இந்தப் பங்கு!"

"இப்பதானே ஆவிப் பங்கெண்டு சொன்னீர்?"

கயிறிழுவைப் பெடியள் ரெண்டு பேர் வந்து, மரியாதையாத்தான், அவன்ர கையைப் பிடிச்சாங்கள். அவன் என்னைத் திரும்பிப் பாத்தான். எனக்குச் சிரிப்பு நிண்டிட்டுது. இப்ப வெளிய போனா வீடியோவும் இல்லை, கொழும்பும் இல்லை. நான் போய்ச் சாட்சி சொல்லுவம் எண்டா, நானே வட்டக்கச்சிப் பிள்ளையார்ற ஆள். என்ர சாட்சியை ஆர் எடுக்கிறது?

அப்பதான் பெண்டுகள் பக்கத்தில ஒரு குரல்.

"அடேய்! அது என்ர நீத்துப்பெட்டியெல்லோ!"

அவன்ர அம்மா. காலமை முழுக்கக் குசினியைத் தலைகீழாப் பிரட்டித் தேடினவாவாம். புட்டுக்குக் குழைச்ச மாவைக் கடைசியில ரொட்டியாத் தட்டினவாவாம். சனத்தை விலத்திக்கொண்டு நேர நடுவுக்கு வந்தா. "விளிம்பில நீல நூலால கட்டினது நான். உள்ளுக்க நிக்கிறது என்ர பிள்ளை. வேற ஆர் இந்த விசர் வேலை பாக்கிறது?"

சபைக்காரர் மைக்கோட பாதரைத் திரும்பிப் பாத்தார். பாதர் கதிரையில இருந்தபடியே, "நீத்துப்பெட்டி எங்கட பங்குதானே, ஆளையும் விடுங்கோ," எண்டார்.

பிறகென்ன, நடந்தான். பிடியை அடிச்சான். நீத்துப்பெட்டிக்குள்ளால புசுக்கெண்டு புகாராப் பறந்துது. தண்ணி அதுக்குள்ள ஆறீட்டுது போல. சின்னனுகள் அந்த வெய்யிலுக்கு அதுக்குக் கீழ ஓடி வந்து, "எனக்கு அடியுங்கோ அண்ணா, எனக்கு அடியுங்கோ!" எண்டு பின்னால இழுபட்டுதுகள். அம்மா அவன்ர பக்கத்திலயே நடந்தா. தொப்பியை வாங்கிக்கொண்டு போகத்தான். ஆனா வீடியோவில பாத்தா அவாவும் ஒரு வேஷம் மாதிரித்தான் கிடக்கு.

பரிசு மீசைக்கார மீன்காரிக்குத்தான் போச்சுது. அது நியாயம்.

வீடியோவைக் குறூப்பில போட்டம். பாதி நேரம் என்ர சிரிப்புத்தான் கேக்குது, மிச்சப் பாதி வானம் தெரியுது. குறூப்பை நடத்திற கொழும்புக் கப்டன் அக்காவுக்குத் தமிழ் விளங்காது. வவுனியாப் பெடியன் ஒருத்தன் ஆவி, பங்கு எல்லாத்தையும் பிரிச்சு விளங்கப்படுத்தி எழுதினான். கொஞ்ச நேரத்தால அவா எழுதினா, என்ர கூட்டாளி இனிக் கப்பல் ஆளாம், அவன்ர அம்மாவும் விரும்பினா வரலாமாம். தமிழ் ஆக்கள் எல்லாரும் இப்ப தங்களை ஆவிப் பங்கெண்டுதான் சொல்லுகினம்.

கொழும்புக்கு அடுத்த கிழமை வெளிக்கிடுகிறான். புது நீத்துப்பெட்டி, தாயே வாங்கிக் குடுத்தது. பல்லுச்சில்லு என்ரது, தாங்கி என்ரது, வீடியோ என்ரது. எனக்கு எண்டு ஒரு உடுப்பில்லை. அதால நான் இன்னும் வெறும் பயணிதான். நேற்று வெக்கத்தை விட்டு, "மச்சான், என்னையும் கூட்டிக்கொண்டு போவியோ?" எண்டு அவனுக்கு எழுதினன்.

உடன பதில் வந்துது:

"வெளிப்பங்கு ஆக்களுக்கு இடமில்லை தம்பி, அங்கால நிழலில இரும், சர்பத் தருவினம்."