ரெண்டாம் சூளை

பத்மினியின்ரை வாயைக் கிண்டினால் கரண்ட் பில்லைப் பற்றித்தான் கதை வரும். ஒரு பல்ப் சும்மா எரிஞ்சால் பொறுக்காது மனுசிக்கு. புலம்பெயர்ந்து வந்த எம்மன்புரூக்கே ஊரிலை கார் பாகங்களுக்குப் பெயின்ற் அடிக்கிற தொழிற்சாலையிலை பத்தொன்பது வருசமாய் வேலை. பெயின்ற் காயவைக்க அங்கை ரெண்டு சூளை. ரெண்டும் பாதி வெறுமையாய் எரியிறதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிஞ்சவள்.

தொழிற்சாலையை ஒரு தைவான் கொம்பனி வாங்கினது. 'சூழலுக்கும் தொழிலாளிக்கும் பொறுப்பு' எண்டு சுவரெல்லாம் எழுதினாங்கள். அந்தப் பொறுப்பைக் கவனிக்க வந்த லின் எண்ட பொம்பிளை, கன்ரீனிலை பத்மினிக்குப் பக்கத்திலை இருந்து, மின்சாரம் மிச்சம் பிடிக்க வழி கேட்டாள். எங்கடை ஆள் விடுவாளோ? லக்சாயினியையும் இழுத்துக்கொண்டு மூண்டு கிழமை சூளைக்குள்ளை போற தட்டுகளை எண்ணினாள். நெருக்கி அடுக்கினால் ஒரு சூளையே போதும் எண்டு காட்டினாள்.

லக்சாயினி, பத்மினி கெஞ்சிக் கூத்தாடி வேலைக்குச் சேர்த்துவிட்ட பிள்ளை. யாழ்ப்பாணத்திலை இருக்கிற புருசனைக் கூப்பிட விண்ணப்பம் போட்டிருந்தாள். அதுக்கு நிரந்தர வேலை வேணும்.

"ஒருத்தற்றை வேலையும் போகாதெல்லோ?" எண்டு பத்மினி லின்னிட்டைக் கேட்டவள்.

"போகாது. என்னை நம்பு," எண்டாள் லின், கையைப் பிடிச்சு.

ரெண்டாம் சூளையை நூர்த்து மூடினாங்கள். ஆண்டறிக்கையிலை பத்மினியின்ரை படம், முழுப் பக்கம்! பக்கத்திலை கரண்ட் குறைஞ்ச கணக்கும் லாபம் கூடின கணக்கும். அந்தப் படத்தை எத்தினை பேருக்கு அனுப்பியிருப்பாள், பாவம்.

ரெண்டு மாதம் கழிச்சு எட்டுப் பேருக்கு வேலையாலை நிப்பாட்டுற கடிதம் வந்தது. சூளை இல்லையெண்டால் சூளைக்கு ஆள் எதுக்கு? லக்சாயினிக்கும் வந்தது. பத்மினிக்கு வரேல்லை.

லின்னிட்டை ஓடிப்போய்க் கேட்டாள்.

"அது நிதிப் பகுதியின்ரை முடிவு," எண்டாள் லின், கணினியை விட்டுக் கண்ணெடுக்காமல்.

அடி பாவி! கையைப் பிடிச்சுச் சொன்னவளெல்லோ? பத்மினி லக்சாயினியைத் தேடிப் போனாள்.

உடுப்பு மாத்திற அறையிலை லக்சாயினி தன்ரை அலுமாரியை வெறுமையாக்கிக்கொண்டு நிண்டாள்.

"சத்தியமா எனக்குத் தெரியாதடி," எண்டாள் பத்மினி.

"தெரியும் அக்கா. உங்களையும் ஏமாத்திப்போட்டாங்கள். ஆனால் உங்களுக்கு வேலை இருக்கு." அலுமாரியைப் பூட்டி, ஒப்பீசிலை குடுக்கச் சொல்லித் திறப்பை நீட்டினாள். "யாழ்ப்பாணத்திலையிருந்து அவர் கேட்டால் நான் என்னெண்டு சொல்ல? தட்டு எண்ணினது நானெல்லோ."

ஷிஃப்ற் மணி அடிச்சது. பத்மினி அந்தத் திறப்போடையே முதலாம் சூளைக்குப் போனாள்.