அட்டை ரொட்டி

நிறுத்துக் கடிகாரத்தை மடியில் மறைத்து வைத்துக்கொண்டுதான் ஸெபுனிசா அழுத்துவாள். மேசைமேல் இருந்தால் பிள்ளைகள் அதையே பார்த்து மிரண்டுபோகின்றன. "சும்மா விளையாடப் போறோம் செல்லம்" என்பாள், பட அட்டைகளைக் கலைத்தபடி. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வாய் கூசாமல் அவள் சொல்லிவரும் பொய் இது.

ஃபெர்கானா வட்டாரத்தில், பள்ளியில் சேர வரும் பிள்ளைகளின் அறிவை அளப்பது அவள் உத்தியோகம். எழுபதுக்குக் கீழே வந்தால் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், புத்தி மந்தம் என்று ஒதுக்கிய பிள்ளைகளுக்கான தனிப்பள்ளி. அங்கே போன பிள்ளை திரும்பி வந்து ஊர்ப் பள்ளியில் உட்கார்ந்ததை யாரும் கண்டதில்லை.

வேலை முடிந்தாலும் அளக்கிற புத்தி அவளை விடாது. கல்யாண வீட்டில் பலாவ் சோற்றுத் தட்டு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "மாப்பிள்ளைக்குத் தொண்ணூறு தேறும், அதுவும் கஷ்டப்பட்டு" என்று நாத்தனார் காதைக் கடிப்பாள். சந்தையில் அவள் தலை தெரிந்தால் சில தாய்மார் பிள்ளையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொள்வார்கள். தர்பூசணிக்காரன் மட்டும் தனக்கு எத்தனை மார்க் என்று வம்புக்கு இழுப்பான். பழம் இனித்தால் நூறு என்பாள். வீட்டுக்குப் போனால் பேச்சே இல்லை. தேநீரை ஆறவிட்டுக் குடித்துக்கொண்டு ஜன்னலோரம் இருப்பாள்.

போன ஆகஸ்டில் மஃப்துனா வந்தாள். பருத்திக்காட்டுக் கிராமம், ஆறு வயது. டிராம் படம் தெரியவில்லை, லிஃப்ட் படம் தெரியவில்லை. பார்த்திருந்தால்தானே? மதிப்பெண் குறைந்துகொண்டே போனது. கடைசியாக, கவிழ்த்த அட்டைகளில் ஒரே படம் உள்ள இரண்டை நினைவு வைத்து எடுத்து ஜோடி சேர்க்கும் ஆட்டம். அதில் தேறினால் கரையேறிவிடுவாள்.

எல்லாப் படங்களையும் காட்டிவிட்டு ஸெபுனிசா கவிழ்த்து வைத்தாள். கடிகாரத்தை அழுத்தினாள். சிறுமி கொஞ்சமும் தடுமாறாமல் ஓர் அட்டையை எடுத்தாள். ரொட்டி. உதட்டில் ஒற்றி, நெற்றியில் ஒற்றி, படம் மேலே தெரிய வைத்தாள். அடுத்த அட்டையை எடுக்காததால், விதிப்படி ஸெபுனிசா அதைக் கவிழ்த்தாள். சிறுமி மறுபடி நிமிர்த்தினாள். வேறு அட்டையைத் தொடவே இல்லை.

"ரொட்டியைக் கவுத்துப் போடக் கூடாதுக்கா" என்றாள் மெதுவாக. பெரியவளுக்குப் போய்ப் புத்தி சொல்ல வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கே கூச்சம்.

ஸெபுனிசாவுக்குத் தெரியாதா? அவள் வீட்டில் ரொட்டி கவிழ்ந்து கிடந்தால், படுத்தவள் எழுந்து வந்து நிமிர்த்துவாள். ஆனால் அளக்கிறவள் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. நேரம் தீர்ந்ததும் மடியிலிருந்த கடிகாரத்தை நிறுத்தினாள்.

சோதனைக் குழுத் தலைவர் நோதிரிடம் நடந்ததைச் சொல்லி, அந்த ஆட்டத்தை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று மன்றாடினாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"அட்டை ரொட்டிதானேக்கா? படம் எது, நிஜம் எதுன்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியலைன்னா, அதைத்தானே நாம அளக்கறோம்?"

இத்தனை காலமும் பெற்றோர் வந்து அழும்போதெல்லாம் அவளே சொல்லியனுப்பிய பதில் அது. அறுபத்தெட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே நடைவழியில் சிறுமியின் தாய் ஷரோஃபத் நின்றிருந்தாள். முடிவைப் பெற்றோரிடம் அன்றைக்கே சொல்வதில்லை.

"நல்லா விளையாட்டு காட்டினீங்களாம், சொல்லிச்சு. பயந்துட்டே வந்தோம்க்கா" என்றாள். பூப்போட்ட துணியை அவிழ்த்து, விடியற்காலையில் சுட்ட ரொட்டியை இரண்டு கையாலும் நீட்டினாள்.

நீட்டிய ரொட்டியை வேண்டாம் என்பது பாவம். ஸெபுனிசா ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். தாயும் மகளும் சிரித்த முகத்தோடு படியிறங்கினார்கள். துண்டு தொண்டைக்குள் இறங்கவில்லை. ரொட்டியைத் துப்பவும் கூடாது. கன்னத்தில் அடக்கிக்கொண்டு, பெஞ்சில் காத்திருந்த அடுத்த பிள்ளையை உள்ளே வரச் சொல்லிக் கையைக் காட்டினாள்.