வெள்ளிக்கிழமைச் சந்தனம்

அப்பா வாங்கிய மோட்டார்சைக்கிளில் கிக்கர் கிடையாது. கரமனையில் எங்கள் தெருவுக்கு முதல் நாளே அது பெரிய குறையாகப் பட்டது. உதைத்துக் கிளப்ப முடியாததெல்லாம் ஒரு வண்டியா என்று எதிர்வீட்டு மாமா சுற்றிச் சுற்றி வந்து, இல்லாத கிக்கரைத் தேடினார். அப்பாவுக்கோ அதில்தான் பெருமை. பட்டனை அமுக்கினால் போதும், வண்டி கிளம்பிவிடும்.

ஆனால் பட்டனை அமுக்கும் முன்னால் வண்டிக்குச் சில நிபந்தனைகள் இருந்தன. கிளட்சைப் பிடித்திருக்க வேண்டும். சைடு ஸ்டாண்டை முழுக்க மடக்கியிருக்க வேண்டும். கிளட்ச் பிடியின் அடியில் ஒரு சின்ன சுவிட்ச், ஸ்டாண்டின் மடக்கில் இன்னொன்று. கல்யாணத்துக்கு இரண்டு வீட்டாரும் சம்மதிப்பது போல இரண்டும் சரி என்றால்தான் என்ஜினுக்கு உத்தரவு கிடைக்கும். ஸ்டாண்டை மடக்க மறந்து விழுகிறவர்கள் இந்த வண்டியில் விழமாட்டார்கள் என்று அப்பா அம்மாவிடம் விளக்கினார். விழுவதைப் பற்றிய பேச்சை எடுத்ததே தப்பாகப் போயிற்று.

நாங்கள் நாகர்கோவில் பக்கத்திலிருந்து அப்பாவின் வேலைக்காகத் திருவனந்தபுரம் வந்தவர்கள். எலக்ட்ரானிக் தராசு விற்கும் கம்பெனி ஒன்றில் அப்பா பழுதுபார்க்கும் ஆள். வாரநாளெல்லாம் சாலைக் கடைத்தெருவின் தராசுகள். சனிக்கிழமை மட்டும் பொன்முடித் தேயிலை எஸ்டேட்டின் தராசுகள். அந்த மலைக்குப் பஸ் அத்திபூத்தாற்போலத்தான் வரும். சொந்த வண்டி வைத்திருந்ததால்தான் பொன்முடி அப்பாவுக்குக் கிடைத்தது. அந்த வேலையில் அப்பாவுக்குத் தனிப் பிரியம்.

வண்டி வந்த புதிதில் ஒரு தடவை அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பொன்முடி போனார். கொண்டை ஊசி வளைவுகளைக் காட்டி அசத்திவிடலாம் என்று நினைத்திருப்பார். அம்மா முதல் வளைவில் மூடிய கண்ணை உச்சிக்குப் போய்த்தான் திறந்தாள். இறங்கும்போதும் அதே கதை. வீட்டுக்கு வந்து சேலையை உதறிக் கட்டியபடி, "அந்தப் பாதையிலயா வாரா வாரம் போறிய?" என்று மட்டும் கேட்டாள். அப்பா ஏதோ சொல்லிச் சமாளித்தார். அவள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னைக் கையில் பிடித்துக்கொண்டு பழவங்காடிக் கோவிலுக்குப் போனாள். கணபதிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, வாழையிலைத் துண்டில் கொடுத்த சந்தனத்தைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அது ஒரு சிமிட்டாதான் இருந்தது. எனவே வீட்டுச் சந்தனத்தை அரைத்து அதோடு கலந்து கிண்ணத்தை நிறைத்தாள். கிண்ணம் பிடிக்கும் பொறுப்பு எனக்கு. முன்விளக்கில் ஒரு பொட்டு, இரண்டு சக்கரத்திலும் ஒவ்வொன்று. பிறகு அவளுக்கே உரிய யோசனை ஓடும். கையால் பிடிக்கிற இடம் முக்கியம் அல்லவா, அதனால் பிரேக் பிடி, கிளட்ச் பிடி இரண்டுக்கும் அடியோடு சேர்த்துத் தாராளமாக அப்புவாள். கடைசியில் குனிந்து சைடு ஸ்டாண்டுக்கும் வைப்பாள்.

"அதுக்கு எதுக்கும்மா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"இந்த வண்டி நிக்கது இந்த ஒத்தக் கால்லதானே மக்ளே? அதயும் நாம பாக்கண்டாமா?"

எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இப்படியே நடந்தது.

மழைக்காலம் முடிந்த சமயம். ஒரு சனிக்கிழமை காலையில் அப்பா பட்டனை அமுக்கினார், வண்டி வாயைத் திறக்கவில்லை. விளக்கு எரிந்தது, ஹார்ன் அடித்தது, என்ஜின் மட்டும் அசையவில்லை. தெரு கூடிவிட்டது. பெட்ரோலில் தண்ணீர் என்றார் ஒருவர். பிளக்கைக் கழற்று என்றார் இன்னொருவர். எதிர்வீட்டு மாமாவோ கிக்கர் இருக்க வேண்டிய இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். எல்லாருமாகச் சேர்ந்து தெருமுனை வரை தள்ளிப் பார்த்தார்கள். கியரைப் போட்டு அப்பா கிளட்சை விட்ட ஒவ்வொரு முறையும் வண்டி ஒரு குலுக்கு குலுக்கிவிட்டுப் பழையபடி நின்றது.

அப்பா பஸ்ஸில் போனார். மலைக்குப் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. பறித்த கொழுந்தை நிறுக்க முடியாமல் பெண்கள் கூடையோடு காத்து நின்றார்களாம். இன்னொரு தரம் இப்படி ஆனால் பொன்முடியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

அம்மா வேறு பக்கத்திலிருந்து பிடித்தாள். "அது போவாண்டாம்னுதான் நிக்கி. கணபதி காட்டித் தாறாரு. நமக்கு இந்த வண்டி வேண்டாம், வித்துருங்க."

அப்பா கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் ஒரு தவணை வாங்கினார். மெக்கானிக்கிடம் காட்டிச் சரிசெய்து விடுவது. அதன் பிறகும் ஒரு சனிக்கிழமை அவள் கண்முன்னால் வண்டி நின்றுபோனால் விற்றுவிடுவது. அம்மா உடனே சம்மதித்தாள். அப்பா வாக்குக் கொடுத்தால் மாறமாட்டார்.

கரமனைப் பாலத்துக்குப் பக்கத்து மெக்கானிக் கொஞ்ச நேரம் ஒயர்களை நோண்டிவிட்டுக் கண்டுபிடித்துவிட்டார். "ஸ்விச்சு ரெண்டும் போயி சாரே. கம்பெனி சாதனம் அத்தரையே உள்ளூ." கம்பெனிச் சரக்கின் லட்சணம் அவ்வளவுதான் என்பது அவர் தீர்ப்பு. பழைய சுவிட்சுகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக இரண்டு மாட்டினார். அந்த வாரம் முழுவதும் வண்டி ஒரு சொல்லுக்கு அடங்கியது. அம்மாவுக்குக்கூட அதைப் பார்த்து மனம் இளகிவிட்டது போலிருக்கிறது. வெள்ளிக்கிழமை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு சந்தனம் அரைத்தாள்.

மறுநாள் விடிகிற நேரம். அம்மா அடுக்களையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு டாட்டா காட்ட நான் வாசலில் நின்றேன். அவர் பட்டனை அமுக்கினார். சத்தமே இல்லை.

அப்பாவின் முகம் அப்படிப் போனதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, என்னிடம் டார்ச்சை எடுத்துவரச் சொன்னார். கிளட்ச் பிடிக்கு அடியில் வெளிச்சம் அடித்து, விரலை விட்டுத் துழாவினார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். உடனே குனிந்து ஸ்டாண்டிலும் ஒரு விரல். அதையும் மோந்தார். அப்படியே படியில் உட்கார்ந்து, சத்தம் வராமல், வயிறு குலுங்கச் சிரித்தார்.

கிளட்ச் பிடித்ததும் வெளியே துருத்த வேண்டிய சின்ன ஊசி, காய்ந்த சந்தனத்தில் சுவரில் பூசிய மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே ஸ்டாண்டை மடக்கினாலும் மடக்கவில்லை என்றே அடுத்த சுவிட்ச் சாதித்துக்கொண்டிருந்தது. தராசுத் தட்டுக்கு அடியில் வெல்லம் ஒட்டிக்கொண்டால் எடை தப்பாகக் காட்டுவதை நாள்தோறும் பார்க்கிற மனுஷர், வீட்டு வண்டியில் அதைப் பார்க்கத் தவறிவிட்டார்.

பழைய டூத்பிரஷ், கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு கிழிந்த துணி. நான் டார்ச் பிடிக்க, அப்பா தேய்த்துத் துடைத்தார். பட்டனைத் தொட்டதும் வண்டி உறுமியது. சத்தம் கேட்டு அம்மா தோசைக் கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியளா? நேத்து ரெட்டிச் சந்தனம்லா வச்சேன்!"

அப்பா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்: "அதுதான் பாரு, ஒரே அமுக்குல கெளம்பிட்டு."

நான் வாயைத் திறக்கப் போனேன். அப்பா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் எங்கள் இருவருக்கும் அம்மா அறியாத ஒரு வேலை இருந்தது. அவள் எழுந்து அடுப்புப் பற்றவைப்பதற்குள் அப்பா என்னை மெல்லத் தட்டி எழுப்புவார். நான் டார்ச். அவர் பிரஷ். சுவிட்சுகளைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, பிடியின் வெளிப்பக்கத்துச் சந்தனத்தை மட்டும் தொடாமல் விட்டுவைப்பார். வேலை முடிந்ததும் துணியைக் குளியலறை மூலையில் வீசுவார்.

"அம்மைக்கிட்ட சொல்லாண்டாம், கேட்டியா?" என்பார். அம்மாவைக் கண்டு அப்பாவுக்குப் பயம் என்று நான் முடிவுகட்டியிருந்தேன். பெரியவர்களுக்கும் பயம் உண்டு என்பது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை. கிண்ணத்தோடு நான் தயாராக நின்றேன். அம்மா முன்விளக்கில் ஒரு பொட்டு வைத்தாள். கும்பிட்டாள். உள்ளே போகத் திரும்பினாள்.

"அம்மா, கிளட்சுக்கு வைக்கல்லியே! ஸ்டாண்டுக்கும் வைக்கல்ல!"

"வெளக்குல வச்சா மதி. வழி தெரிஞ்சா போதும்லா."

வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து அவளையே பார்த்தார். அவள் அவரைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். பேப்பர் வெகுநேரம் அதே பக்கத்தில் இருந்தது.

அம்மாவுக்குப் பக்தி குறைந்துவிட்டதென்று எனக்கு ஒரே கவலை. கிண்ணம் நிறையச் சந்தனம் மிச்சம் இருந்தது. மறுநாள் காலையில் அப்பா என்னைத் தட்டி எழுப்பவும் இல்லை. தானாகவே விழித்தவள் நேரே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். அம்மா விட்டதையெல்லாம் நான் நிறைவேற்றினேன். இரவோடு கெட்டியாகிப்போன சந்தனத்தைக் கிளட்சின் அடியில் விரல் போகிற மட்டும் அழுத்தி அப்பினேன். சக்கரம், ஸ்டாண்டு எதையும் விடவில்லை.

அப்பா குளித்து வந்து, சுவிட்சுகளைப் பார்க்காமலே பட்டனை அமுக்கினார். வண்டி கல்லாக நின்றது. அம்மா அவருக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். அவள் கண்முன்னால் நின்றுவிட்டது. அப்பா கொடுத்த வாக்கு எனக்கு நினைவுக்கு வந்தது. இன்றோடு வண்டி போயிற்று, பொன்முடியும் போயிற்று. அப்பா பட்டனிலிருந்து கையை எடுக்கவே இல்லை, திரும்பவும் இல்லை.

அம்மா கிளட்சைப் பார்த்தாள். என் விரல்களைப் பார்த்தாள். உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் டூத்பிரஷும் மண்ணெண்ணெய்ப் பாட்டிலும் அந்தத் துணியும் இருந்தன. சேலையைச் செருகிக்கொண்டு அவளே குந்தி உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தாள். ஸ்டாண்டு, பிறகு கிளட்ச். ஒன்று விடாமல் சரியான இடத்தில் தேய்த்தாள்.

"ஒனக்கு எப்பம் தெரியும்?" என்று அப்பா கேட்டார்.

"சனிக்கெழமதோறும் இந்தத் துணியத் தொவைக்கது ஆராக்கும்?"

"நான் சொல்லல்லப்பா! சத்தியமா நான் சொல்லல்ல!" என்று நான் அழ ஆரம்பித்தேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அதனால் இன்னும் கொஞ்சம் அழுதேன். அம்மா துடைத்து முடித்து ஒதுங்கினாள். விற்பதைப் பற்றி அவள் பேசவில்லை. "பைய போங்க," என்றாள். வண்டி ஒரே அமுக்கில் கிளம்பியது.

அன்று முழுவதும் எனக்கு நிலைகொள்ளவில்லை. கிளட்சிலும் ஸ்டாண்டிலும் காப்பு இல்லாமல் அப்பா அந்த வளைவுகளில் போகிறாரே என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். அம்மாவோ சாவதானமாக அரிசி புடைத்தாள், என் தலையைப் பின்னிவிட்டாள். அவளுக்குக் கவலையே இல்லை என்று எனக்கு அவள்மேல் கோபம். மத்தியானம் எனக்குச் சோறு போட்டுவிட்டு, அவள் சாப்பிடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஏன் என்று கேட்டேன். பசியில்லை என்றாள். நான் நம்பிவிட்டேன்.